வாசிப்புச் சிரமத்தை எழுத்துருவால் உணர்த்த முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். லண்டனில், கற்றல் சிரமம் உள்ள பெரியவர்களுக்கு உதவும் ஓர் அமைப்பில் வேலை செய்கிறீர்கள். புதிதாகச் சேரும் ஊழியர்களுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி நடத்த வேண்டும். டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புச் சிரமத்தை உணர்த்த, டேனியல் பிரிட்டன் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய ‘டிஸ்லெக்சியா’ எழுத்துருவில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னால், வாசிக்கத் திணறுகிறவர்களின் நிலை அவர்களுக்குப் புரியுமா என்று கேட்கிறீர்கள். தன்னார்வலர்களில் தமிழர்களும் இருப்பதால் இதைத் தமிழிலும் செய்யலாமா என்பது இரண்டாவது கேள்வி.

செய்யலாம். ஆனால் அந்தத் தாளுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மீதி ஐம்பத்தைந்து நிமிடத்தையும் உங்கள் அமைப்பே அனுப்புகிற கடிதங்களுக்கும் படிவங்களுக்கும் வையுங்கள். இருபது வருடமாகப் பக்க வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். நீங்கள் நினைப்பது போன்ற ஒரு தாளை நானும் தமிழில் செய்து, ஒரு பயிற்சியில் கொடுத்து, தப்பும் செய்திருக்கிறேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் டேனியல் பிரிட்டனின் எழுத்துரு. அவர் லண்டன் காலேஜ் ஆஃப் கம்யூனிகேஷனில் வடிவமைப்பு படித்தவர். தனக்கு டிஸ்லெக்சியா இருப்பது அவருக்கே கல்லூரி நாட்களில்தான் தெரியவந்தது. 2015-ல் அவருடைய எழுத்துரு பரவலாகப் பேசப்பட்டது. அவர் செய்த வேலை பார்க்க எளிமையானது. ஹெல்வெட்டிகா எழுத்துருவை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்திலும் ஏறக்குறைய 40 சதவீதக் கோடுகளை நீக்கிவிட்டார். மிச்சம் இருக்கும் துண்டுகளை வைத்து இது எந்த எழுத்தாக இருக்கும் என்று ஊகித்துத்தான் வாசிக்க முடியும். ஒரு சொல்லைக் கண்டுபிடித்து அடுத்த சொல்லுக்குப் போவதற்குள் முந்தைய சொல் மறந்துவிடும். வாக்கியத்தின் முடிவுக்கு வரும்போது அதன் தொடக்கம் கையில் இருக்காது.

ஹெல்வெட்டிகாவை அவர் தேர்ந்தெடுத்தது எனக்குப் பிடித்த விஷயம். 1957-ல் சுவிட்சர்லாந்தில் பிறந்த அந்த எழுத்து இன்று கடைப்பலகை, விமான நிலையம், அரசுப் படிவம் என்று எங்கும் இருக்கிறது. நாம் அதை எழுத்தாகப் பார்ப்பதுகூட இல்லை. நேரே சொல்லுக்குள் போய்விடுகிறோம். அப்படிப் பழகிய எழுத்தே திடீரென்று கதவை அடைத்துக்கொள்ளும்போது வரும் எரிச்சல், விசித்திரமான ஓர் அலங்கார எழுத்தைப் பார்க்கும்போது வராது.

இதில் பிரிட்டனே சொன்ன ஒரு எச்சரிக்கையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். டிஸ்லெக்சியா உள்ளவரின் கண்ணுக்கு எழுத்து இப்படித் தெரியும் என்று அவர் சொல்லவில்லை. வாசிக்க ஆகும் நேரத்தையும், அதனால் வரும் சலிப்பையும் கூச்சத்தையும் மற்றவர்களுக்கு உணர்த்துவதே தன் நோக்கம் என்றார். உங்கள் பயிற்சியில் முதல் வாக்கியமாக இதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், ‘ஓ, அவங்களுக்கு எழுத்து உடைஞ்சு உடைஞ்சு தெரியுமாம்’ என்ற தவறான எண்ணத்தோடு ஆட்கள் வீட்டுக்குப் போவார்கள். இதே போல 2016-ல் விக்டர் வைடெல் என்ற ஸ்வீடன் நிரலாளர் ஒரு இணையப் பக்கம் செய்தார். சொற்களுக்குள் எழுத்துகள் ஓயாமல் இடம் மாறிக்கொண்டே இருக்கும். டிஸ்லெக்சியா உள்ள தன் நண்பர் ஒருவர் விவரித்ததிலிருந்து அதைச் செய்ததாகச் சொன்னார். அந்த நண்பருக்கு அப்படி இருந்திருக்கலாம். எல்லோருக்கும் அப்படி இல்லை. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது, டிஸ்லெக்சியா முதன்மையாகக் கண்ணில் இருக்கும் பிரச்சினை அல்ல என்பதைத்தான். எழுத்தையும் அதன் ஒலியையும் சட்டென்று இணைப்பதில்தான் பெரும்பாலும் சிக்கல். இத்தாலிய மொழியைப் போல எழுத்தும் ஒலியும் நெருக்கமாக ஒத்துப்போகும் மொழிகளில் அது தப்புத் தப்பாக வாசிப்பதைவிட, மிக மெதுவாக வாசிப்பதாகவே வெளிப்படுகிறது. அதனால்தான் நேரத்தைக் குறிவைத்த பிரிட்டனின் வேலை, நடனமாடும் எழுத்துகளைவிட நேர்மையானது என்று நினைக்கிறேன்.

அப்புறம் பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது. தமிழில் நாம் ‘கற்றல் குறைபாடு’ என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். நீங்கள் இருக்கும் நாட்டில் ‘லேர்னிங் டிஃபிகல்ட்டி’ வேறு, ‘லேர்னிங் டிஸபிலிட்டி’ வேறு. முதலாவது டிஸ்லெக்சியா போன்றது. பொதுவான அறிவுத்திறனை அது தொடாது. இரண்டாவது அறிவுசார் குறைபாடு. பண விஷயம், பயணம், சமையல் போன்ற அன்றாட வேலைகளிலும் துணை தேவைப்படலாம். 1946-ல் ஜூடி ஃப்ரைட் என்ற ஒரு தாய் தொடங்கிவைத்த மென்கேப் அமைப்பு இந்த இரண்டாம் வகையினருக்காக வேலை செய்கிறது. இந்தியாவில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் 21 வகைகளுக்குள் இவை இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. ஆனால் உங்கள் நாட்டில் இரண்டாம் வகையைச் சேர்ந்த பலர், ‘டிஸபிலிட்டி’ என்ற சொல் வேண்டாம், ‘டிஃபிகல்ட்டி’ என்றே எங்களைச் சொல்லுங்கள் என்று கேட்பதும் உண்டு. உங்களிடம் வருகிறவர்கள் யார், தங்களை எப்படி அழைக்கச் சொல்கிறார்கள் என்பதைப் பயிற்சிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டேனியல் பிரிட்டனின் எழுத்துருத் தாள் முதல் வகைக்குத்தான் பொருந்தும். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு எழுத்து தெளிவாகத் தெரிந்தாலும் வாக்கியத்தின் நீளமும் கருத்தின் சுற்றும் தடையாக இருக்கும். அதை எந்தக் கோட்டை வெட்டியும் காட்ட முடியாது.

சரி, இந்த மாதிரிப் பயிற்சிகளால் உண்மையிலேயே பலன் உண்டா? இங்கேதான் நான் உங்களைக் கொஞ்சம் நிறுத்திவைக்க விரும்புகிறேன். 2017-ல் அமெரிக்காவில் மிஷெல் நாரியோ-ரெட்மண்டும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டிஸ்லெக்சியா, கேட்கும் திறன் குறைவு, நடமாட்டச் சிரமம் ஆகியவற்றைப் போலச் செய்துபார்க்கும் பயிற்சிகளை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். முடித்தபோது அவர்களிடம் இரக்கம் கூடியிருந்தது. அந்த நிலை தங்களுக்குப் புரிந்துவிட்டது என்றும் சொன்னார்கள். ஆனால் குழப்பமும் கூச்சமும் கையாலாகாத உணர்வும் கூடவே ஏறியிருந்தன. குறைபாடு உள்ளவர்களைப் பற்றிய அவர்களுடைய மனப்பான்மை மட்டும் மேம்படவில்லை. இதற்கு முன்பு 2015-ல், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்துபார்த்தவர்களிடம் செய்த ஆய்வில் இன்னும் மோசம். பார்வையற்றவர்களால் வேலை செய்யவும் தனியாக வாழவும் முடியும் என்ற நம்பிக்கை, கண்ணைக் கட்டிப் பார்த்தவர்களுக்குக் குறைந்துபோயிருந்தது.

யோசித்தால் காரணம் புரிகிறது. கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடம், பார்வை போன முதல் பத்து நிமிடத்தைத்தான் காட்டும். முப்பது வருடம் அப்படியே வாழ்ந்து, அதற்கேற்ப நூறு வழிகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கும் மனிதரை அது காட்டாது. வாசிப்பும் அதே மாதிரிதான். நாற்பது வயதுக்காரர் ஒருவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ‘வீட்டுல போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்’ என்கிறார். ‘கண்ணாடி எடுத்துட்டு வரல, நீங்களே ஒருதடவ படிச்சிடுங்களேன்’ என்கிறார். பேருந்து எண்ணை வடிவமாக மனதில் வைத்திருக்கிறார். படிவத்தில் கையெழுத்து எங்கே வரும் என்பதை இடத்தை வைத்தே தெரிந்துவைத்திருக்கிறார். இது எல்லாமே உழைப்பு, கூர்மை. உடைந்த எழுத்துத் தாள் இதில் எதையுமே தொடாது.

என் தப்பைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? சில வருடங்களுக்கு முன் சென்னையில், வேலை செய்யும் இடங்களின் மேலாளர்களுக்கான ஒரு கூட்டத்துக்காகத் தமிழில் ஒரு வெட்டுத்தாள் தயார் செய்தேன். பிரிட்டன் செய்ததைப் பார்த்து அப்படியே தமிழ் எழுத்தின் கீழ்ப்பாதிகளை நீக்கினேன். தாளைக் கொடுத்ததும் கூடம் கலகலப்பாகிவிட்டது. பத்திரிகையில் வரும் புதிர் மாதிரி ஆளாளுக்குக் கண்டுபிடிக்க ஆரம்பித்தார்கள். ‘நான் மூணாவது வரி முடிச்சுட்டேன்’ என்று ஒருவர் கையைத் தூக்கினார். நான் எதிர்பார்த்த சலிப்பும் வரவில்லை, கூச்சமும் வரவில்லை. முடிந்ததும், ‘ஐயோ பாவம், எவ்வளவு கஷ்டம் இல்ல?’ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

அந்தக் கூட்டத்துக்குத் தையல் கூடத்தில் மேற்பார்வை பார்க்கும் ஒரு பெண்மணி வந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். சின்ன வயதிலிருந்தே வாசிப்பது அவருக்குப் பெரும்பாடு. அளவு, துணி, ஆள் கணக்கு எல்லாம் மனதிலேயே இருக்கும். டீ நேரத்தில் அவரிடம் தாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் சொன்னது: “உங்க எல்லாருக்கும் ஒண்ணாத்தான் சார் படிக்க வரல. பக்கத்துல இருக்கிறவங்களுக்கும் வரலன்னா அதுல என்ன வெக்கம்? எல்லாருக்கும் வந்து எனக்கு மட்டும் வராதப்பதான் கஷ்டம்.”

அன்றைக்குப் பிறகு நான் அந்தத் தாளைப் பார்த்த விதமே மாறிவிட்டது. எழுத்தை எவ்வளவு வெட்டினாலும், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வெட்டினால் அது விளையாட்டு. வலி எழுத்தில் இருந்து மட்டும் வருவதில்லை. கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பேனாவைத் தட்டிக்கொண்டு காத்திருக்கிறார், பின்னால் வரிசை நிற்கிறது, அந்த இடத்தில் தனக்கு மட்டும் தெரியவில்லை. வலி அங்கே இருந்து வருகிறது.

அதற்காக, ஒருவரை மட்டும் பிடித்து எல்லோர் முன்னாலும் உடைந்த எழுத்தை வாசிக்கவைத்து அவமானப்படுத்தச் சொல்லவில்லை. அதைச் செய்யவே செய்யாதீர்கள். உங்கள் ஊழியர்களிலேயே யாருக்கு என்ன சிரமம் மறைந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. வேண்டாம் என்று சொல்லி ஒதுங்கும் வாய்ப்பை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுங்கள். தாளில் கதையோ கவிதையோ வேண்டாம். உண்மையான ஒரு சந்திப்புக் கடிதம் இருக்கட்டும். தேதி, நேரம், கொண்டுவர வேண்டிய ஆவணம், வராவிட்டால் என்ன நடக்கும் என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு நிமிடம் கொடுங்கள். பேசாமல் தனித்தனியாக வாசிக்கட்டும். பிறகு தாளைத் திருப்பி வைக்கச் சொல்லி, எத்தனை மணிக்கு வர வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும் என்று மட்டும் எழுதச் சொல்லுங்கள். பலர் பாதியில் விட்டிருப்பார்கள். அப்போது கேளுங்கள்: இந்தக் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? ‘யாரையாவது கேப்பேன்’, ‘அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சிடுவேன்’ என்று பதில் வரும். உங்களிடம் வருகிறவர்கள் செய்வதும் அதைத்தான். சந்திப்புக்கு வராதவரை அக்கறை இல்லாதவர் என்று குறித்துக்கொள்ளும் ஊழியருக்கு, அந்த ஒரு பதில் போதும்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தை வெட்டுவது போலத் தமிழ் எழுத்தை வெட்டினால் சரிவராது என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பல நேர்கோடுகளால் ஆனவை. ஒரு கோடு போனால் அது வேறு எழுத்தாகவும் இருக்கலாம் என்ற ஐயம் உடனே வந்துவிடும். தமிழில் வளைவும் சுழியும் சேர்ந்து ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழு உருவம் இருக்கிறது. பாதி போனாலும் மீதியை வைத்துப் பழகிய கண் பிடித்துவிடும். அல்லது ஒன்றுமே புரியாத கிறுக்கலாகிவிடும். நடுவில் இருக்கும் அந்தத் தடுமாற்றம் கிடைப்பதில்லை.

அதைவிட நல்ல வழி நம் எழுத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வார்கள். குறில் நெடில் கொம்புக்கு வேறுபாடு இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே இடைவெளியும் கிடையாது. ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு என்ற வேறுபாடெல்லாம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தத்தோடு வந்தவை. சுவடி வாசிக்கப் பழகியவர்கள் இடம் பார்த்து, பொருள் பார்த்து, ஒவ்வொரு சொல்லையும் தீர்மானித்துக்கொண்டு போவார்கள். பழகாதவர்களுக்கு ஒரு வரி தாண்டுவதே பெரிய வேலை.

இதை ஒரு கடித வரியில் செய்துபாருங்கள். ‘வரும் திங்கட்கிழமைக்குள் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ என்ற வரியில் புள்ளிகளை மட்டும் எடுத்தால்:

வரும திஙகடகிழமைககுள விணணபபததைச சமரபபிககவும

இடைவெளியையும் எடுத்து, ரகரத்தின் காலையும் நறுக்கிவிட்டால்:

வருமதிஙகடகிழமைககுளவிணணபபததைசசமாபபிககவும

எந்த எழுத்தும் உடையவில்லை. எல்லாமே தெரிந்த எழுத்துதான். ஆனாலும் ஒவ்வொரு இடத்திலும் நின்று, உள்ளுக்குள் ஒலித்துப் பார்த்து, இதுவா அதுவா என்று முடிவு செய்துதான் நகர வேண்டியிருக்கிறது. எழுத்து தெரிந்தும் ஒலி உடனே வந்து சேராத நிலைக்கு வெட்டுத்தாளைவிட இது கிட்டத்தில் இருக்கிறது. இதை ஒரு முழுப் பத்திக்குச் செய்து கொடுத்தபோது யாரும் புதிர் என்று குதிக்கவில்லை. மூன்றாவது வரியில் களைத்துவிட்டார்கள். இதுவும் அவர்கள் ‘பார்ப்பது’ அல்ல என்ற எச்சரிக்கையை இங்கும் சொல்ல மறக்காதீர்கள்.

இனி மீதி ஐம்பத்தைந்து நிமிடம். உடைந்த எழுத்திலிருந்து உங்கள் கடிதங்களுக்குப் போக ஒரு பாலம் வேண்டும் என்றால், 2008-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹ்யூன்ஜின் சாங், நார்பர்ட் ஷ்வார்ஸ் இருவரும் செய்த ஆய்வைச் சொல்லுங்கள். ஓர் உடற்பயிற்சிக் குறிப்பை ஒரு குழுவுக்கு ஏரியல் எழுத்திலும் இன்னொரு குழுவுக்குத் தூரிகையால் எழுதியது போன்ற எழுத்திலும் கொடுத்தார்கள். ஏரியலில் வாசித்தவர்கள் அந்தப் பயிற்சிக்குச் சுமார் 8 நிமிடம் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். தூரிகை எழுத்தில் வாசித்தவர்கள் சுமார் 15 நிமிடம் என்றார்கள். குறிப்பு ஒன்றே, வாசிக்கக் கஷ்டமாக இருந்ததால் வேலையே கஷ்டமாகத் தோன்றியது, செய்யும் ஆர்வமும் குறைந்தது. இவர்கள் சாதாரணக் கல்லூரி மாணவர்கள். நெருக்கி அடித்த ஒரு படிவத்தைப் பார்த்து உங்களிடம் வருகிறவர் ‘இது நமக்கு ஆகாது’ என்று நினைப்பதில் ஆச்சரியம் என்ன?

அப்போது யாராவது, ‘டிஸ்லெக்சியாவுக்கென்றே ஃபான்ட் இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் என்ன?’ என்று கேட்பார்கள். இருக்கிறது. நெதர்லாந்தில் கிறிஸ்டியன் புர், தானே டிஸ்லெக்சியா உள்ளவர், 2008-ல் ‘டிஸ்லெக்சீ’ செய்தார். 2011-ல் இலவசமாக ‘ஓப்பன்டிஸ்லெக்சிக்’ வந்தது. இரண்டிலும் எழுத்தின் அடிப்பகுதி கனமாக இருக்கும். விரும்பிப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருவர் அதில் வாசிக்கப் பிடிக்கிறது என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஆய்வுகள் அந்த எழுத்துகளுக்குப் பெரிய வெற்றி எதையும் காட்டவில்லை. 2016-ல் ஆஸ்திரேலியாவில் வாசிப்பில் பின்தங்கிய 39 குழந்தைகளிடம் சோதித்தபோது டிஸ்லெக்சீயில் ஏரியலைவிட 7 சதவீதம் வேகமாக வாசித்தார்கள். அடுத்து ஏரியலின் இடைவெளிகளை டிஸ்லெக்சீ அளவுக்கு விரித்துக் கொடுத்தார்கள். வித்தியாசம் போய்விட்டது. வேலை செய்தது எழுத்தின் வடிவம் அல்ல, எழுத்தைச் சுற்றி இருந்த வெற்றிடம். 2012-ல் மார்கோ ஸோர்ஸி குழுவினர் டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் கண்டதும் இதுதான்: எழுத்துகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டதும், எந்தப் பயிற்சியும் இல்லாமல் வாசிப்பு மேம்பட்டது. இரண்டுமே குழந்தைகளிடம் செய்தவை என்பதையும் மனதில் வையுங்கள். பெரியவர்களிடம் கேட்டுச் சோதிக்கும் வேலை உங்களுடையது.

பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தரும் வழிகாட்டுதலும் இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. 12 முதல் 14 பாயிண்ட் அளவு, ஒன்றரை மடங்கு வரி இடைவெளி, இடது ஓரத்தை மட்டும் ஒழுங்குபடுத்துவது, சாய்வெழுத்தும் அடிக்கோடும் தவிர்ப்பது, பளீர் வெள்ளைக்குப் பதில் மங்கலான வெளிர்நிறத் தாள். இவை எதற்கும் புது எழுத்துரு வாங்கத் தேவையில்லை.

ஆனால் பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது. எளிமையாக வாசிக்க வேண்டும் என்றதும் நம் கை தானாகவே காமிக் சான்ஸ் என்ற குழந்தைத்தனமான எழுத்துருவையும் பலூன் படங்களையும் தேடிப் போகிறது. ஐம்பது வயது மனிதருக்கு மழலையர் பள்ளி அழைப்பிதழ் மாதிரிக் கடிதம் அனுப்புகிறோம். இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம். லண்டனைச் சேர்ந்த ஃபாண்ட்ஸ்மித் நிறுவனம் மென்கேப்புடன் சேர்ந்து ‘எஃப்.எஸ். மீ’ என்ற எழுத்துருவை உருவாக்கியபோது, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் குழுக்களிடம் ஒவ்வொரு எழுத்தையும் காட்டி, வாசிக்க எளிதா, பிடித்திருக்கிறதா என்று இரண்டையும் கேட்டார்கள். பிடித்திருக்கிறதா என்று கேட்டதுதான் முக்கியம். அதில் அச்சான ஒரு கடிதத்தைப் பாருங்கள். சாதாரணமாக, நேர்த்தியாக, எந்த வங்கியோ நிறுவனமோ அனுப்பக்கூடிய கடிதம் போலவே இருக்கும். மேசையில் கிடந்தால் யாரும் அதை ‘அவர்களுக்கானது’ என்று அடையாளம் காண மாட்டார்கள்.

உங்கள் நாட்டில் இதற்குச் சட்டபூர்வமான பின்பலமும் இருக்கிறது. 2016 ஆகஸ்ட் முதல் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். என்கிற அரசு மருத்துவச் சேவைகளும் பொதுச் செலவில் நடக்கும் சமூகப் பராமரிப்புச் சேவைகளும், ஒருவருக்குத் தகவல் எந்த வடிவில் வேண்டும் என்று கேட்டு, குறித்துவைத்து, அந்த வடிவில் கொடுக்க வேண்டும். ‘ஈஸி ரீட்’ என்கிற, சிறு வாக்கியமும் பக்கத்தில் படமும் கொண்ட வடிவமும் இதில் அடக்கம். உங்கள் ஊழியர்களில் எத்தனை பேர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள் என்று பயிற்சியில் விசாரியுங்கள்.

தமிழ்க் கடிதங்களுக்கு ஆங்கில வழிகாட்டியை அப்படியே போடாதீர்கள். எழுத்துகளுக்கு இடையே இடம் கூட்டச் சொன்னால் சில மென்பொருட்கள் கொம்பையும் துணைக்காலையும் எழுத்திலிருந்து பிரித்துவிடும். ‘கொ’ மூன்று துண்டாக நிற்கும். நாமே உடைந்த எழுத்துத் தாள் தயாரித்த மாதிரி ஆகிவிடும். நான் எழுத்து இடைவெளியைத் தொடாமல், சொல் இடைவெளியையும் வரி இடைவெளியையும் கூட்டுகிறேன். மேல்விலங்கும் கீழ்விலங்கும் மேல்வரி கீழ்வரியோடு முட்டாமல் இருக்கத் தமிழுக்கு ஆங்கிலத்தைவிடக் கூடுதல் வரி இடைவெளி வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் இரு ஓரமும் சமன் செய்தால் நடுவே பெரிய ஓட்டைகள் விழும். இடது ஓரம் மட்டும் போதும். 14 பாயிண்டுக்குக் கீழே நான் இறங்குவதில்லை. எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது ர-வின் கால் தெளிவாக இருக்கிறதா, எ-வும் ஏ-வும் தள்ளி நின்று பார்த்தாலும் பிரிகின்றனவா, ‘கௌ’ என்பது ‘கெள’ போலத் தோன்றுகிறதா, புள்ளி அழுத்தமாக விழுகிறதா என்று பாருங்கள். வீட்டு அச்சுப்பொறியில் மை குறைந்தால் முதலில் காணாமல் போவது புள்ளிதான்.

இவ்வளவும் செய்த பிறகும் ‘சமர்ப்பிக்கவும்’ என்று இருந்தால் பயனில்லை. ‘கொடுங்கள்’ என்று மாற்றுங்கள்.

இதையெல்லாம் உங்கள் ஊழியர்கள் தாங்களாகவே மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானிக்கக் கூடாது. பயிற்சிக்கு உங்களிடம் வருகிறவர்களில் இரண்டு மூன்று பேரை அழையுங்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். தங்கள் கதையைச் சொல்லி உருக்க வேண்டாம், கடிதத்தைத் திருத்த மட்டும் வரட்டும். ஒரு பென்சிலைக் கொடுத்து, எங்கே நின்றீர்கள், எங்கே விட்டுவிடத் தோன்றியது என்று கோடு போடச் சொல்லுங்கள். ஊழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறித்துக்கொள்ளட்டும், விளக்கம் சொல்லக் கூடாது. நாரியோ-ரெட்மண்ட் ஆய்வில் மாறாமல் நின்ற மனப்பான்மை இந்த இடத்தில் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். எதிரே இருப்பவர் தங்கள் வேலையில் இருக்கும் பிழையைக் காட்டுகிறார். அவரைப் பாவம் என்று பார்க்க அங்கே இடமில்லை.

அந்தத் தையல் கூடப் பெண்மணியுடன் அப்படித்தான் பிறகு உட்கார்ந்தேன். அவர் கூடத்தின் விடுப்புப் படிவம். நான் எழுத்தைப் பெரிதாக்கி, வரியைத் தளர்த்தி, பெட்டிகளை விரித்து, பெருமையாக அவர் முன் வைத்தேன். அவர் எழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘மேற்கண்ட தேதிகளில்’ என்ற இடத்தில் பென்சிலை வைத்தார். “மேற்கண்டன்னு போட்டா நான் மேல போய்த் தேடணும் சார். தேடிட்டு எறங்கி வரதுக்குள்ள எந்த வரியில இருந்தேன்னு தெரியாது. மறுபடி மொதல்லேருந்து” என்றார். அந்த ஒரு பக்கத்தில் ‘மேற்கண்ட’வும் ‘மேற்படி’யும் நான்கு இடத்தில் இருந்தன. நான்கையும் எடுத்துவிட்டு, தேதியும் பெயரும் அந்தந்த இடத்திலேயே வரும்படி மாற்றினோம். படிவம் இரண்டு வரி நீண்டது.